காலிப் புட்டி யாருடையது?

குடித்து முடித்த பின் கையில் எஞ்சும் காலிப் புட்டி யாருக்குச் சொந்தம்? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் கேள்விதான். பானம் நம்முடையது, அதற்கு விலை கொடுத்தோம். ஆனால் அப்பானத்தைத் தாங்கி வந்த கலம் எவருடையது? செய்தவருடையதா, வாங்கியவருடையதா, அல்லது அது விழுந்து கிடக்கும் தெருவுக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் உரியதா? கடந்த நூற்றாண்டு முழுவதும் தொழில் உலகம் இக்கேள்விக்குக் காலத்துக்கொரு விடை தந்து வந்திருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்தாலன்றி, இன்று கடையில் நாம் வாங்கும் ஒவ்வொரு பொதியின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும் ‘மறுசுழற்சிக்கு உகந்தது’ என்னும் முத்திரையின் மதிப்பை நாம் எடைபோட இயலாது. எனவே அவ்வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

மீண்டு வந்த புட்டி

1892-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் பெயின்டர் என்பவர், விளிம்பு மடிந்த உலோக மூடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் சோடாப் புட்டிகளின் மேல் நாம் காணும் மூடி அதுவே. வாயு நிறைந்த பானத்தைக் கசியாமல் நெடுந்தொலைவு அனுப்ப அதனால் வழி பிறந்தது. புட்டிப் பானத் தொழில் செழித்தது. ஆனால் அக்காலத்தில் புட்டிக்குள் இருந்த பானத்தைவிடப் புட்டியே விலை மிகுந்தது. ஆகவே உற்பத்தியாளர்கள் புட்டியை விற்கவில்லை, இரவல் தந்தார்கள். 5 சென்ட் விலையுள்ள பானத்தை வாங்குபவர் புட்டிக்கென ஒன்றிரண்டு சென்டைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகை கைக்கு வரும். நம் கடைத்தெருவில் டெபாசிட் என்று வழங்கும் இந்த ஈட்டுத்தொகையே புட்டியைத் தொழிற்சாலையோடு கட்டி வைத்த கயிறு. இப்புட்டி விற்பனைக்கன்று, இன்ன நிறுவனத்தின் உடைமை என்று பல புட்டிகளின் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

நமக்கும் இது புதிதன்று. 1872-இல் இலண்டனில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற, கழுத்தில் கோலிக்குண்டு அடைக்கும் புட்டிதான் நம் ஊர்களின் கோலி சோடாவாயிற்று. சோடாக் கம்பெனிக்காரர் நிறைந்த புட்டிகளைக் கடையில் இறக்கிவிட்டுக் காலிப் புட்டிகளை எண்ணி எடுத்துச் செல்வார். ஒன்று குறைந்தாலும் கணக்குக் கேட்பார். அங்கும் இங்கும் இதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று எவரும் பெயர் சூட்டவில்லை. அது வெறும் சிக்கனம். எனினும் அச்சிக்கனத்தினுள் ஓர் அறம் அடங்கியிருந்தது: கலத்தை உலகுக்குள் அனுப்பியவர் அது வீடு திரும்பும்வரை அதற்குப் பொறுப்பாயிருந்தார்.

அறுந்த கயிறு

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் நீங்கிய பின், பீர் தொழிற்சாலைகள் இழந்த சந்தையைப் பிடிக்கப் புதுவழி தேடின. 1935 ஜனவரி 24 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், க்ரூகர் என்னும் நிறுவனத்தின் பீர் தகர டப்பாவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஈட்டுத்தொகை இல்லை, திருப்பித் தரும் தொல்லையும் இல்லை என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்த படைவீரர்களுக்கு டப்பாவில் பீர் சென்றது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு அந்தப் பழக்கம் தங்கிவிட்டது.

1950-களில் வேகம் கூடியது. சிறு சிறு ஆலைகள் மூடப்பட்டுப் பெரிய ஆலைகள் எழுந்தன. நெடுஞ்சாலைகள் நீண்டன. அண்டை ஊர்ப் புட்டியைத் திரும்பப் பெறுவது எளிது. ஆயிரம் மைல் தொலைவிலிருந்து காலிப் புட்டியைச் சுமந்து வருவது நட்டம். சூப்பர்மார்க்கெட் கடைக்காரர்களுக்கும் காலிப் புட்டிகளை எண்ணி வாங்கி அடுக்கி வைப்பது இடைஞ்சலாயிருந்தது. இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் புட்டியையும் டப்பாவையும் வெற்றி பெறச் செய்தன. யாரும் தீய எண்ணத்தோடு கூடிச் சதி செய்ததாக நாம் சொல்ல வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் செலவைக் குறைத்துக்கொண்டனர். குறைக்கப்பட்ட அச்செலவு எங்கே போய்ச் சேரும் என்று கேட்கத்தான் ஆளில்லை.

போய்ச் சேர்ந்த இடம் சாலையோரம். வெர்மான்ட் மாநிலத்தில் பால் பண்ணை விவசாயிகள் முறையிட்டனர். போகிற போக்கில் எறியப்பட்ட புட்டிகள் புல்வெளியில் விழுந்து நொறுங்கிக் கால்நடைகளுக்கு ஊறு செய்தன என்பது அவர்களது வழக்கு. 1953-இல் அம்மாநிலச் சட்டமன்றம், திருப்பித் தர இயலாத புட்டிகளில் பீர் விற்பதைத் தடைசெய்தது. ஆனால் அச்சட்டம் நெடுநாள் வாழவில்லை. 1957-இல் அது புதுப்பிக்கப்படாமலே காலாவதியானது.

குற்றவாளி யார்?

வெர்மான்ட் சட்டம் பிறந்த அதே 1953-ஆம் ஆண்டில் ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’, அதாவது ‘அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்’ என்னும் அமைப்பும் தோன்றியது. டப்பாக்கள் செய்த அமெரிக்கன் கேன் கம்பெனியும், புட்டிகள் செய்த ஓவன்ஸ் இல்லினாய் நிறுவனமும் அதைத் தோற்றுவித்தவர்களுள் அடங்குவர். தெருவில் குப்பை போடாதீர் என்று அது நாடெங்கும் போதித்தது. பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டியது. பூங்காக்களைத் துப்புரவு செய்தது. அவற்றில் நன்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

1971-இல் அவ்வமைப்பு தொலைக்காட்சியில் வெளியிட்ட ஒரு விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவர் மாசு படிந்த ஆற்றில் படகோட்டி வருகிறார். கரையேறியதும் காரிலிருந்து வீசப்பட்ட குப்பை அவர் காலடியில் வந்து விழுகிறது. அவர் கண்ணிலிருந்து ஒரு துளி நீர் வழிகிறது. மாசினைத் தொடங்குபவர் மக்களே, நிறுத்த வல்லவரும் மக்களே என்பது அதன் செய்தி. பழங்குடியினராக நடித்த அயர்ன் ஐஸ் கோடி என்பவர் உண்மையில் இத்தாலிய வழிவந்தவர் என்பது பின்னர் வெளிவந்தது. 2023-இல் அவ்விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பழங்குடியினரின் தேசியப் பேரவையைச் சார்ந்த நிதியமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு ஓய்வு கொடுப்பதாக அவர்கள் அறிவித்தார்கள்.

அக்கண்ணீரைக் கண்டவர்கள் தங்கள் மார்பில் தட்டிக்கொண்டார்கள். அது நல்லதே, குப்பை எறிந்த கை குற்றமுள்ள கைதான். ஆயினும் அவ்விளம்பரத்தில் ஒரு பாத்திரம் மட்டும் தோன்றவேயில்லை: எறிவதற்கென்றே கலம் செய்தவர். கத்தோலிக்க மக்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் பாவத்துக்குப் பொறுப்பாளி என்று கற்பிக்கும் திருச்சபை, அத்துடன் நிறுத்திவிடுவதில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987-இல் எழுதிய ‘சொல்லிச்சித்தூதோ ரேயி சோச்சியாலிஸ்’ என்னும் சுற்றுமடலில், பாவக் கட்டமைப்புகளைப் பற்றிப் பேசினார். தனிமனிதர்களின் பாவங்களில் வேரூன்றிப் பின்னர் அவர்களையும் மீறி வலுப்பெறும் அமைப்புகள் அவை. எறிந்தவனை மட்டும் கண்டித்து, எறியாமல் இருக்க வழியே வைக்காத அமைப்பை விட்டுவிடுவது அரை உண்மையைப் போதிப்பதாகும்.

ஒரு சென்டும் 5 சென்டும்

தொழில் உலகினர் அனைவரும் ஒரே போக்கினர் அல்லர். 1959-இல் கொலராடோ மாநிலத்தின் கூர்ஸ் பீர் நிறுவனம் முழுவதும் அலுமினியத்தாலான டப்பாவை அறிமுகம் செய்தபோது, திரும்பக் கொண்டுவரும் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சென்ட் தந்தது. அது சட்டத்துக்கு அஞ்சிச் செய்ததன்று. அலுமினியத்தின் அருமை அறிந்து செய்தது. தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடே பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கப் போதும். இன்று உலகில் நன்கு மறுசுழற்சி பெறும் கலங்களுள் அலுமினிய டப்பாவும் ஒன்றாயிருப்பதற்கு இந்த எளிய கணக்கே அடிப்படை. பண்டம் மீளும்போது ஆதாயம் உண்டெனில், தொழில் தானே அதைத் தேடி வரும் என்பதை இது காட்டுகிறது.

ஆதாயம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு ஓரிகன் மாநிலம் ஒரு விடை கண்டது. ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்னும் விற்பனையாளர், மலையேற்றத்தில் நாட்டம் உடையவர். அரசியல் பதவி எதுவும் இல்லாதவர். தாம் நேசித்த கடற்கரையிலும் மலைவழிகளிலும் இறைந்து கிடந்த புட்டிகளைக் கண்டு மனம் நொந்து, சட்டமன்ற உறுப்பினர்களை விடாது வற்புறுத்தினார். பானத் தொழிலினரும் டப்பாத் தொழிலினரும் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 1971-இல் ஆளுநர் டாம் மக்கால் கையொப்பமிட, ஒவ்வொரு பீர், குளிர்பானக் கலத்துக்கும் ஈட்டுத்தொகையைக் கட்டாயமாக்கிய சட்டம் பிறந்தது. 1972 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வழக்கமான ஈட்டுத்தொகை 5 சென்ட். சாலையோரத்தில் புட்டிகளும் டப்பாக்களும் கண்கூடாகக் குறைந்தன.

இதன் பின்கதையும் அறியத்தக்கது. காலம் செல்லச் செல்ல 5 சென்டின் மதிப்பு தேய்ந்தது. திருப்பித் தருவோரும் குறைந்தனர். 2017-இல் ஈட்டுத்தொகை 10 சென்டாக உயர்த்தப்பட்டது. திரும்பி வரும் கலங்கள் 80 விழுக்காட்டைத் தாண்டின. ஒருகாலத்தில் சட்டத்தை எதிர்த்த தொழிலினரின் வழிவந்தவர்களான பான விநியோகஸ்தர்கள், இன்று தாங்களே கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்து கலங்களைத் திரட்டுகிறார்கள். 2018-இல் சிறு பீர் ஆலைகளோடு இணைந்து, கழுவி மீண்டும் நிரப்பும் புட்டிகளையும் புழக்கத்தில் விட்டார்கள். மனம் மாறியதா, சட்டம் மாற்றியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். நல்ல சட்டம் நல்ல பழக்கத்தை வளர்க்கும் என்று மட்டும் சொல்லலாம்.

மூன்று அம்புகள்

மறுசுழற்சி என்றதும் நம் கண்முன் வருவது ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளின் முக்கோணம். 1970-இல் சிகாகோவைச் சேர்ந்த அட்டைப்பெட்டி நிறுவனமான கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. அதில் வென்ற கேரி ஆண்டர்சன் என்னும் பல்கலைக்கழக மாணவரின் கைவண்ணம் அது. அச்சின்னம் எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச்சொத்தாக விடப்பட்டது. தாராள மனத்தோடு செய்த காரியம். ஆனால் பொதுச்சொத்தைப் பேணக் காவலர் வேண்டுமல்லவா?

1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிற்சங்கம் பிளாஸ்டிக் வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண்களை வகுத்து, ஒவ்வோர் எண்ணையும் அம்புகளாலான முக்கோணத்துக்குள் பதித்தது. இது இன்ன வகைப் பிளாஸ்டிக் என்று பிரிப்பவருக்கு அடையாளம் காட்டுவதே அந்த எண்ணின் வேலை. வாங்கும் மக்களோ, அம்புகளைக் கண்டு, இது மறுசுழற்சி பெறும் என்று பொருள் கொண்டார்கள். 1, 2 எண்ணுள்ள புட்டிகளுக்கே பெரும்பாலும் சந்தை இருந்தது. மற்றவை அம்பு தாங்கியபடியே குப்பைமேட்டுக்குச் சென்றன. கால் நூற்றாண்டு கழித்து, 2013-இல், தர நிர்ணய அமைப்பு அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றியது. ஆனால் அதற்குள் அம்பு மக்கள் மனத்தில் தைத்துவிட்டது.

2017-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று இதன் அளவை உலகுக்குக் காட்டியது. 2015 வரை உண்டான பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி டன். அதில் மறுசுழற்சி பெற்றது 9 விழுக்காடு; எரிக்கப்பட்டது 12 விழுக்காடு; எஞ்சிய 79 விழுக்காடு குப்பைக்கிடங்குகளிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிவிட்டது. அரை நூற்றாண்டு அம்புகளின் அறுவடை இது.

பச்சைப் புள்ளி

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நடந்த போராட்டத்தை ஜெர்மனி நாடு தழுவியதாக்கியது. 1991-இல் சுற்றுச்சூழல் அமைச்சர் கிளாவ்ஸ் டாப்ஃபரின் முயற்சியால் அங்கே பொதிகலன் ஆணை பிறந்தது. அதன் கருத்து எளியது: பொதியைச் சந்தையில் விட்டவரே அதைத் திரும்பப் பெற வேண்டும். தனித்தனியே செய்ய இயலாதவர்கள் கூட்டாக ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொள்ளலாம். ஆணையை எதிர்நோக்கிய தொழில் நிறுவனங்கள் 1990-இலேயே அத்தகைய அமைப்பைத் தொடங்கின. கட்டணம் செலுத்திய பொதிகளின் மேல் பச்சைப் புள்ளி என்னும் சின்னம் பதிக்கப்பட்டது. வீடுதோறும் மஞ்சள் பை வந்தது. பொதிகள் அதில் சேர்ந்தன.

வாங்கிய பொருளின் மேலுறையைக் கடையிலேயே கழற்றி விட்டுவரும் உரிமையையும் மக்கள் பெற்றார்கள். பற்பசைக் குழாய்க்கு எதற்கு அட்டைப்பெட்டி என்ற கேள்வி அப்போதுதான் தொழிலினரின் காதில் விழுந்தது. பொதியின் எடைக்கும் வகைக்கும் ஏற்பக் கட்டணம் என்று ஆனதும், வடிவமைப்பாளர்கள் கிராம் கணக்குப் பார்க்கலானார்கள். சுவர் மெலிந்தது, தேவையற்ற உறை உதிர்ந்தது. செலவு திரும்பித் தம் தலைமேல் வரும் என்றால் அறிவு கூர்மையடைகிறது!

குறைகளும் இருந்தன. பச்சைப் புள்ளிக்குப் பொருள் கட்டணம் செலுத்தப்பட்டது என்பதே. மறுசுழற்சி நிகழ்ந்தது என்பதன்று. இங்கும் மக்கள் தவறாகவே பொருள் கொண்டார்கள். 1993-இல் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பிளாஸ்டிக் சேர்ந்து, ஏற்ற ஆலைகள் போதாமல், கழிவு வேறு நாடுகளுக்குப் போனது. சின்னத்தைப் பதித்துக்கொண்டு உரிய கட்டணம் செலுத்தாதவர்களும் பலர். அமைப்பு திவாலாகும் நிலையை எட்டி, கடன் உதவியால் தப்பியது.

மீண்டும் நிரப்பும் புட்டிகளின் பங்கு 72 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கட்டாய ஈட்டுத்தொகை வரும் என்று ஆணை எச்சரித்திருந்தது. பங்கு குறைந்தது, 2003 ஜனவரி முதல் நாள் ஒருமுறைப் புட்டிகளுக்கும் டப்பாக்களுக்கும் ஈட்டுத்தொகை வந்தது. அது இன்று 25 சென்ட். 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலங்கள் திரும்பி வருகின்றன. ஆயினும் 50 முறை வரை நிரப்பத்தக்க கண்ணாடிப் புட்டியின் பங்கு மீளவில்லை; மீண்டும் நிரப்பும் கலங்கள் இப்போது சந்தையில் பாதிக்கும் குறைவே. நொறுக்கி உருக்குவது எளிதானதும், கழுவி நிரப்பும் பழைய சிக்கனம் பின்தங்கிவிட்டது. ஜெர்மானிய நகரங்களின் இரயில் நிலையங்களில், வருமானம் குன்றிய முதியவர்கள் பிறர் விட்டுச்சென்ற புட்டிகளைத் தேடிப் பொறுக்கும் காட்சியும் இவ்வரலாற்றின் ஒரு பக்கம். செல்வ நாட்டிலும் கலத்தை வீடு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளே.

வாக்குறுதிகளின் காலம்

2018-இல் எலன் மெக்கார்தர் அறக்கட்டளையும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து ஓர் உலகளாவிய உறுதிமொழியை முன்வைத்தன. உலகின் பிளாஸ்டிக் பொதிகளில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பொறுப்பான நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டன. 2025-க்குள் தங்கள் பிளாஸ்டிக் பொதிகள் யாவும் மீண்டும் பயன்படுவனவாக, மறுசுழற்சி பெறுவனவாக அல்லது மக்கி உரமாவனவாக இருக்கும் என்பது முதன்மையான இலக்கு. அதே 2018-இல் கொக்கக்கோலா நிறுவனம், 2030-க்குள் விற்கும் ஒவ்வொரு கலத்துக்கும் ஈடாக ஒன்றைத் திரட்டுவதாகக் கூறியது. 2022-இல், தன் பானங்களில் கால் பங்கை மீண்டும் பயன்படும் கலங்களில் தருவதாகவும் சொன்னது.

பயன் ஒன்றுமில்லை என்று கூறலாகாது. பிரிக்க இயலாத நிறங்களும் ஒட்டுப்படலங்களும் பல புட்டிகளிலிருந்து நீங்கின. பழைய புட்டியிலிருந்தே புதுப் புட்டி செய்யும் ஆலைகள் பெருகின. கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் வந்தது. ஆனால் 2025-இன் முதன்மையான இலக்கு எட்டப்படவில்லை. 2024 ஏப்ரலில் யூனிலீவர் தன் இலக்கைத் தளர்த்தியது: புதுப் பிளாஸ்டிக்கை 2025-க்குள் பாதியாக்குவது என்பது, 2026-க்குள் 30 விழுக்காடு குறைப்பதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கொக்கக்கோலா திரட்டும் இலக்கை 2035-க்குள் 70 முதல் 75 விழுக்காடு என்று குறைத்தது. கால் பங்கு மீள்கல இலக்கு அதன் புதிய பட்டியலில் இல்லை. தானே எழுதிய வாக்குறுதியைத் தானே திருத்தி எழுத வல்லவர்க்கு அது கடனாவதில்லை. இதை உணர்ந்தே போலும், ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையில், 2030-க்குள் எல்லாப் பொதிகளும் மறுசுழற்சிக்கு உகந்தனவாக வேண்டும் என்று சட்டமாகவே எழுதிவிட்டது.

கடலூரும் நீலகிரியும்

இவ்வளவும் அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்க இயலாது. இன்று உலகெங்கும் மறுசுழற்சியாளர்களைத் திணறடிக்கும் சிறு பாக்கெட்டின் வரலாற்றில் நம் கடலூருக்குப் பெரும் பங்குண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர் பயன்படுத்துவதை உழைப்பாளியும் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணத்தோடு, ஷாம்பு போன்ற பண்டங்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கி அதை நாடெங்கும் கொண்டு சென்றார். புட்டி முழுவதும் வாங்க வசதியற்ற ஏழைப் பெண், சில்லறைக் காசில் ஒருநாள் தலைக்குளியலை வாங்கினாள். அதில் இருந்த சமத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடோம். வெற்றுப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் புதிய பாக்கெட் ஒன்று இலவசம் என்று அந்நிறுவனம் ஒரு காலத்தில் விற்பனைத் திட்டமும் நடத்தியது. வெற்றுப் பாக்கெட்டுக்கு மதிப்பு வைத்தால் அது கடைக்குத் திரும்பி வரும் என்பதை நம் மண்ணே அன்று கண்டது!

திட்டம் முடிந்தது, பாக்கெட் நிலைத்தது. பிளாஸ்டிக் படலங்களும் சிலவற்றில் அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரிப்பது அரிது. எடையோ அற்பம், எனவே பழைய பேப்பர் கடைக்காரரும் தொடார். புட்டியைப் பொறுக்குபவர்க்குக் கூலி உண்டு. பாக்கெட்டைப் பொறுக்குபவர்க்கு எதுவுமில்லை. 2016-இல் மைய அரசு வகுத்த விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கை 2 ஆண்டுகளில் கைவிடக் கூறின. 2018-இல் அவ்விதி திருத்தப்பட்டு, எரித்து ஆற்றல் எடுக்கத்தக்கதும் வேறு பயனுள்ளதும் தப்பித்துக்கொள்ள வழி திறந்தது. 2022 பிப்ரவரியில் உற்பத்தியாளரின் பொறுப்பை வரையறுக்கும் நெறிமுறைகள் வந்தன. மறுசுழற்சிச் சான்றிதழ்களை வாங்கி விற்கவும் அவை இடம் தந்தன. அடுத்த ஆண்டே போலிச் சான்றிதழ்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

நம்பிக்கையூட்டும் செய்தியும் நம் மாநிலத்திலேயே உண்டு. நீலகிரிக் காடுகளில் எறியப்பட்ட மதுப் புட்டிகளின் சில்லுகள் யானை முதலிய விலங்குகளைக் காயப்படுத்துவது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் 2022 மே மாதத்தில் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெறப்பட்டது; காலிப் புட்டியைத் திருப்பித் தருவோர்க்கு அது மீளக் கிடைத்தது. புட்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. திட்டம் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. மதுவின் தீமை வேறு. அதைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. 1953-இல் வெர்மான்ட் விவசாயி தன் மாட்டுக்காகக் கேட்டதை, ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து நீலகிரியின் யானைக்காக நாம் செய்தோம் என்பதே கருதத்தக்கது.

உலகின் மேலுள்ள ஈடு

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கலத்தைச் செய்தவரை அக்கலத்தோடு ஒரு கயிறு பிணைத்திருந்த காலமெல்லாம் அது வீடு திரும்பியது. கயிறு அறுந்தபோது, அது ஏழையின் தெருவிலும் ஊமை விலங்கின் காலடியிலும் போய்க் கிடந்தது. நல்லெண்ணமுள்ள தொழில் முயற்சிகள் பல உண்டு. ஆனால் அவை நிலைத்தது, பொறுப்பு தட்டிக்கழிக்க முடியாததாக ஆக்கப்பட்ட இடத்தில்தான்.

முன்னர்க் குறிப்பிட்ட அதே சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், தனியுடைமையின் மேல் சமுதாயத்துக்கு ஓர் ஈடு உண்டு என்று கற்பித்தார். உடைமை நம் கையில் இருந்தாலும் அதன்மேல் மற்ற மனிதர்க்குரிய உரிமை தீர்ந்துபோவதில்லை என்பது அதன் பொருள். காலிப் புட்டியின் ஈட்டுத்தொகை இப்பெரும் போதனையின் சிறு வடிவம் என்றே நமக்குத் தோன்றுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் இதனை மேலும் கூர்மையாக்கினார். எறிந்துவிடும் பண்பாடு பொருள்களை மட்டுமன்றி, சமூகத்தின் விளிம்பில் தள்ளப்பட்ட மனிதரையும் குப்பையாக்குகிறது என்று அவர் எச்சரித்தார்.

அப்பம் பலுகிய நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியில் வாசிக்கும்போது, ஐயாயிரம் பேரின் பசி தீர்ந்ததையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். உண்டு முடித்த பின் எஞ்சிய துண்டுகளைத் திரட்டும்படி ஆண்டவர் பணித்ததும், பன்னிரண்டு கூடைகள் நிறைந்ததும் அதே நிகழ்ச்சியின் பகுதியே. திரட்டும் வேலையை அவர் உண்ட கூட்டத்தாரிடம் விடவில்லை; பரிமாறிய சீடர்களிடமே ஒப்படைத்தார். வழங்கியவரே எஞ்சியதற்கும் பொறுப்பு.

நம் பங்குத் திருவிழாக்களிலும் அசன விருந்துகளிலும் திருமண வீடுகளிலும் வழங்குபவர் நாமே. தண்ணீர்ப் புட்டிகளும் பிளாஸ்டிக் குவளைகளும் மலைபோல் குவிந்து, மறுநாள் துப்புரவுப் பணியாளரின் கைகளில் விழுகின்றன. எவர்சில்வர் குவளைகளைக் கழுவி அடுக்க இளைஞர் குழு ஒன்று போதாதா? நம்மிடையே வணிகரும் தொழில் முனைவோரும் அரசு அலுவலரும் சட்டம் பயின்றோரும் உள்ளனர். தாம் விற்கும் உறை எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கும் கடமை பொதுநிலையினராகிய அவர்களுக்கே உரியது. மேடையில் மறையுரை ஆற்றுபவர் அதை அவர்களுக்காகச் செய்ய இயலாது. பதவி ஏதும் இல்லாத ஒரு விற்பனையாளர் ஓரிகனில் ஒரு சட்டத்துக்கு வித்திட்டார். நாம் கேட்கத் தொடங்குவோம்: இந்தக் காலிப் புட்டி யாருடையது? விடை வரும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.